‘28 டேஸ் லேட்டர்’: மங்கலான படமும் மாற்று முடிவுகளும் – எதை வைத்து மதிப்பிடுவது?

சென்னிமலைத்தறி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கமுங்க. ஈரோட்டில் நாங்கள் சிலர் மாதம் ஒருமுறை கூடி, ஒரு படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி நேரம் போவது தெரியாமல் வாதிடுவது வழக்கம். மனிதர்களை வெறிபிடித்தவர்களாக்கும் வைரஸ் தொற்றில் பிரிட்டன் அழிவதைச் சொல்லும், டேனி பாயில் இயக்கத்தில் 2002-இல் வெளிவந்த ‘28 டேஸ் லேட்டர்’ இம்முறை எங்கள் தேர்வாக இருந்தது. 2025-இல் அதன் தொடர்ச்சியான ‘28 இயர்ஸ் லேட்டர்’ வந்தபோது, முதல் படத்தைப் பார்த்திராத இளைஞர்கள் கேட்டுக்கொண்டதால் ப்ளூ-ரே வட்டில் திரையிட்டோம். மூன்று விஷயங்களில் எங்களுக்குள் உடன்பாடு ஏற்படவில்லை.

புதிதாக 4கே தொலைக்காட்சி வாங்கிய நண்பர் ஒருவர், படம் இவ்வளவு கலங்கலாகத் தெரிவதால் இது திருட்டு வட்டாகத்தான் இருக்க வேண்டும் என்று அடித்துச் சொல்கிறார். மனிதர்களே இல்லாத லண்டனில் நாயகன் ஜிம்மாக சிலியன் மர்ஃபி நடந்து செல்லும் முதல் பகுதியை எல்லோரும் வாய்விட்டுப் பாராட்டினோம். ஆனால் ராணுவத்தினர் தங்கியிருக்கும் மாளிகைக்குள் கதை நுழைந்த பிறகு அது வேறு ஏதோ படமாக மாறிவிட்டது என்று பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். இறுதியாக, வட்டில் படத்தோடு கூடுதலாகத் தரப்படும் இணைப்புகளில் உள்ள மாற்று முடிவுகளைப் பார்த்தோம். நாயகன் இறந்துபோகும் முடிவே நேர்மையானது, திரையரங்கில் காட்டப்பட்ட முடிவு வியாபாரத்துக்காக ஒட்டவைக்கப்பட்டது என்று ஒரு தரப்பு கிளம்பியது.

எங்கள் குழுவுக்காக ஒரு மதிப்புரை எழுதும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. வெட்டப்பட்ட காட்சிகளையும் மாற்று முடிவுகளையும் படத்தின் பகுதியாகவே கருதி எழுதலாமா, அல்லது திரையரங்கில் ஓடியதை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டுமா? கதையின் முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே வெளிப்படையாகப் பேசலாம்; படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கவும்.

---

பேரூர்க்கேமரா

அண்ணா, முதலில் தொலைக்காட்சி வாங்கிய நண்பரின் சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். வட்டு போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. படம் பிறந்ததே அந்தத் தோற்றத்தோடுதான். ஒளிப்பதிவாளர் அந்தோனி டாட் மாண்டில் இதன் பெரும்பகுதியை கேனன் எக்ஸ்எல்1 என்னும் மினிடிவி வீடியோ கேமராவில் எடுத்தார். 2000-களின் தொடக்கத்தில் கோவை, திருப்பூர் வட்டாரத்தில் கல்யாண வீடியோ எடுத்த எங்களைப் போன்றவர்கள் பயன்படுத்தியதும் இதே வகை நாடாதான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கேசட்டில் பதிவாகும் ஒரு சட்டகத்தில் 720-க்கு 576 புள்ளிகள்தான் உண்டு. ப்ளூ-ரேயின் சட்டகம் அதைப்போல் ஐந்து மடங்கு, நண்பரின் 4கே திரையோ இருபது மடங்கு. கேமரா பதிவு செய்த ஒரு புள்ளியை இருபது புள்ளிகளாக விரித்துப் பார்த்துவிட்டு வட்டைக் குறை சொன்னால், பாவம், வட்டு என்ன செய்யும்?

மினிடிவியில் வேலை செய்தவர்களுக்கு அதன் குணம் கண்ணை மூடினாலும் தெரியும். மண்டபத்தில் அகலக் கோணத்தில் எடுத்தால், பின்வரிசையில் இருப்பவர்களின் கண்ணும் மூக்கும் கரைந்துபோகும். கேமரா லேசாக அசைந்தாலே பட்டுச்சேலையின் ஜரிகைக் கரை உயிருள்ளதுபோல் நெளியும். இந்தப் படத்தில் லண்டனின் தொலைதூரக் கட்டடங்களைக் கவனியுங்கள், ஜன்னல் வரிசைகளும் செங்கல் சுவர்களும் அப்படித்தான் நெளிகின்றன. நாங்கள் அதை வாடிக்கையாளரிடமிருந்து மறைக்கப் படாத பாடு பட்டோம். பாயிலும் மாண்டிலும் அதையே ஊர் அழிந்த பிறகு யாரோ ஒருவர் எடுத்துவைத்த பதிவைப்போல் தோன்றும்படி பயன்படுத்திக்கொண்டார்கள்.

இது அழகியல் முடிவு மட்டுமல்ல, வேறு வழியில்லாமல் எடுத்த முடிவும்தான். ஏறக்குறைய 80 லட்சம் டாலர் செலவில் முடிந்த படம் இது. லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை நாள்முழுக்க மூடிவைக்க அந்தப் பணம் எந்த மூலைக்கு? கோடைகால விடியலில், போக்குவரத்து கூடுவதற்கு முன்பு கிடைத்த சில நிமிட இடைவெளிகளில், வாகன ஓட்டிகளிடம் கெஞ்சிக் கேட்டு நிறுத்திவைத்து, சிறிய கேமராக்கள் பலவற்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டு எடுத்தார்கள். பெரிய ஃபிலிம் கேமராக்களோடு போயிருந்தால், அவற்றை நிலைநிறுத்தி முடிப்பதற்குள் பாலம் நிரம்பியிருக்கும்.

தொற்றுக்குள்ளானவர்கள் பாய்ந்து வரும் காட்சிகளில் அசைவு வெட்டி வெட்டித் தெரிவதையும் கோளாறு என்று எண்ணிவிட வேண்டாம். ஷட்டர் வேகத்தை வெகுவாகக் கூட்டி, அதாவது ஒவ்வொரு சட்டகத்திலும் ஒளி விழும் நேரத்தைக் குறைத்து எடுத்ததால், ஓடும் கைகால்களில் நாம் பழகிப்போன இழுவை மங்கல் இல்லாமல், ஒவ்வொரு சட்டகமும் தனித்தனியாகக் கூர்மையாக நிற்கிறது. நம் கண் அதை இயல்பான அசைவாக ஏற்க மறுக்கிறது. அந்த மறுப்புதான் பயமாக மாறுகிறது.

வட்டைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. படத்தின் கடைசிப் பகுதி, அதாவது மலைச்சரிவில் இருக்கும் குடிசைவீட்டுக் காட்சிகள், 35 மி.மீ. ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. அங்கே வந்ததும் படம் திடீரென்று கண்ணாடியைத் துடைத்துவிட்டதுபோல் தெளிந்தால் உங்கள் வட்டு சரியான வட்டு. இணையத்தில் பார்ப்பதைவிட வட்டில் பார்ப்பது நல்லது என்று நான் சொல்வதற்கும் காரணம் கூடுதல் தெளிவு அல்ல. வீடியோவின் இரைச்சல் புள்ளிகள் நிறைந்த இருட்டுக் காட்சிகளை இணையச் சேவைகள் சுருக்கி அனுப்பும்போது அவை கட்டம் கட்டமாக உடைந்துவிடுகின்றன. மாளிகையில் மழை இரவில் நடக்கும் நீண்ட காட்சி அப்படித்தான் பாழாகிறது. ‘28 இயர்ஸ் லேட்டர்’ படத்தைப் பெரும்பாலும் ஐபோனில் எடுத்தவரும் இதே மாண்டில்தான் என்பதையும் உங்கள் இளைஞர்களிடம் சொல்லுங்கள்.

---

கோழிப்பண்ணைமருத்துவர்

நான் நாமக்கல் பக்கம் பண்ணைகளுக்குச் சென்றுவரும் கால்நடை மருத்துவன். ஒளிப்பதிவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை. தொற்று தன் கதைக்குள் ஒழுங்காக நடந்துகொள்கிறதா என்பதை மட்டும் சொல்கிறேன். இந்த வகைப் படத்துக்கு அதுவே முதல் அளவுகோல் என்பது என் கருத்து.

இரத்தம் பட்ட பத்து இருபது விநாடிகளில் மனிதன் வெறிபிடித்தவனாக மாறுவது உடலியலில் நடக்காத காரியம். வெறிநாய்க்கடியில் வைரஸ் கடிவாயிலிருந்து நரம்பு வழியாக மூளையைச் சென்றடைய வாரங்கள், சமயத்தில் மாதங்கள் ஆகும். ஆனால் நாடகத்துக்கு அந்த வேகம் பெரிய நன்மையைச் செய்திருக்கிறது. கடிபட்டவர் காயத்தை மறைத்துக்கொண்டு கூட்டத்தோடு பயணம் செய்வது, பிறகு கண்ணீரோடு விடைபெறுவது என்னும் அரைத்த மாவுக் காட்சிக்கு இங்கே இடமே இல்லை. நண்பன் மார்க்கின் கையில் காயத்தைக் கண்டதும், ஜிம்மோடு சேர்ந்து தப்பிக்கும் நாயகி செலினா ஒரு சொல்கூடப் பேசாமல் அரிவாளை எடுத்துவிடுகிறாள். அவளுக்குப் பேச அவகாசம் இல்லை.

இவர்களோடு பயணம் செய்யும் ஃபிராங்கின் மரணம்தான் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி. மேலே தொங்கும் பிணத்தைக் காகம் கொத்திக்கொண்டிருக்கிறது, அண்ணாந்து பார்க்கும் ஃபிராங்கின் கண்ணில் ஒரு சொட்டு இரத்தம் விழுகிறது, அவ்வளவுதான். பண்ணை வாசலில் லாரிச் சக்கரத்தை மருந்துத் தண்ணீரில் இறக்கி ஏற்றுகிறோம், ஆட்கள் காலை மருந்துத் தொட்டியில் நனைத்த பிறகே உள்ளே விடுகிறோம், காகம் நுழையாமல் வலை கட்டுகிறோம். இத்தனைக்கும் பிறகு வேலையாள் வியர்வை வழிகிறதே என்று கையுறையோடு கண்ணைத் தேய்த்துக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு அடிவயிறு கலங்கும். கண்ணின் ஈரச்சவ்வு நோய்க்குத் திறந்த கதவு என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பயிற்சி வகுப்பை நான் கண்டதில்லை.

வேகமாகத் தாக்கும் தொற்று வெகுதூரம் போகாது என்பதையும் படம் மறக்கவில்லை. இருபது விநாடியில் மாறிவிடுகிறவன் விமானத்தில் ஏறிக் கடல் தாண்ட முடியாது. ஆகவே பிரிட்டன் என்னும் தீவு மட்டும் அழிந்து, வெளியுலகம் இயங்கிக்கொண்டிருக்கலாம் என்பது கதைக்குள் முழுக்கச் சரி. மாளிகை முற்றத்தில் மெய்லர் என்னும் தொற்றுக்குள்ளான சிப்பாயைச் சங்கிலியில் கட்டி, பட்டினியில் சாக எத்தனை நாள் ஆகும் என்று அங்குள்ள ராணுவத் தலைவரான மேஜர் வெஸ்ட் கணக்குப் பார்ப்பது கொடூரம்தான், ஆனால் தொற்றுக்குள்ளானவர்கள் பட்டினியில் சாகும் இறுதிக்காட்சிக்கான விடையும் அதுவே ஆகிறது.

அதனால்தான் இணைப்புகளில் மற்றவர்கள் அதிகம் பேசாத ஒன்றை நான் மேலே வைப்பேன். படமாக எடுக்கப்படாமல், காட்சிகளை வரைந்துகாட்டும் சித்திரப்பலகைகளாக மட்டுமே உள்ள மாற்று முடிவை, இயக்குநரும் கதாசிரியர் அலெக்ஸ் கார்லண்டும் குரல் கொடுத்து விவரிக்கிறார்கள். அதில் ராணுவமே கிடையாது. ஃபிராங்குக்குத் தொற்று ஏற்பட்டதும் அவனை ஓர் ஆய்வுக்கூடத்துக்கு இழுத்துச்சென்று, ஜிம் தன் உடலின் இரத்தம் முழுவதையும் அவனுக்கு மாற்றிக்கொடுக்கிறான். படத்தின் தொடக்கத்தில் குரங்கு கட்டப்பட்டுக் கிடந்ததுபோல் கடைசியில் ஜிம் மேசையில் கட்டப்பட்டுக் கிடக்கிறான். கேட்பதற்கு உருக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே சொட்டு போதும் என்று காகத்தை வைத்து நிறுவிவிட்டு, இரத்தத்தை மாற்றினால் ஆள் பிழைத்துவிடுவான் என்பது எப்படிப் பொருந்தும்? அவர்களே அந்த ஓட்டையை ஒப்புக்கொண்டு கைவிட்டதாகச் சொல்கிறார்கள். கதை தன் சட்டத்தைத் தானே மீறக்கூடாது என்று படைப்பாளிகள் தம்மையே அடக்கிக்கொள்வதைக் காட்டும் இணைப்பு அபூர்வம்.

நம் ஊர் ஒப்பீடு வேண்டுமென்றால் 2016-இல் வந்த ‘மிருதன்’ இருக்கிறது. ஊட்டியில் ஒரு நாயிடமிருந்து கிளம்பும் தொற்று, கதையைக் கோவை வரை இழுத்துவருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், தொற்றுக்கு எந்தப் படம் எவ்வளவு கண்டிப்பான விதி வகுத்திருக்கிறது என்பது உங்கள் குழுவுக்கு நல்ல பேச்சுப்பொருளாகும்.

---

கோபிவாத்தியாரம்மா

மருத்துவர் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன், ஆனால் தொற்றின் ஒழுங்கே முதல் அளவுகோல் என்பதை ஏற்க முடியவில்லை. அப்படிப் பார்த்தால் மாளிகைப் பகுதி வெறும் பட்டினிக் கணக்காகச் சுருங்கிவிடும். ஈரோட்டு நண்பர்கள் முகம் சுளித்த அந்தப் பகுதிக்காகவே படம் எடுக்கப்பட்டிருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

மேஜர் வெஸ்ட் வானொலியில் என்ன வாக்குறுதி தருகிறார்? தொற்றுக்கு விடை தன்னிடம் இருக்கிறது என்கிறார். அதை நம்பி வருகிறவர்களில் செலினாவும் ஹன்னா என்னும் சிறுமியும் இருக்கிறார்கள். விடை என்று அவர் வைத்திருந்தது மருந்து அல்ல. எதிர்காலம் இல்லை என்று தற்கொலைக்குத் துணியும் சிப்பாய்களுக்குப் பெண்களைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், அவ்வளவே. சீருடை கசங்காமல், மேசை விரித்து, விருந்து பரிமாறி, மரியாதையாகப் பேசுகிற இவர்களில் ஒருவருக்கும் தொற்று இல்லை. முதல் பகுதியில் ஓடிவருகிறவர்களைக் கண்டு பயந்த பார்வையாளர், இங்கே நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களைக் கண்டு பயப்பட வேண்டியிருக்கிறது. ‘வேறு படமாக மாறிவிட்டது’ என்று சொன்னவர்களில் எத்தனை பேர் ஆண்கள் என்று கேட்க ஆசை. குற்றம் சாட்டவில்லை, அந்தப் பகுதியில் எனக்கு மூச்சு முட்டியது, அதனால் கேட்கிறேன்.

மாளிகைப் பகுதியின் உச்சத்தில், ஜிம் தன் கட்டைவிரல்களை ஒரு சிப்பாயின் கண்களில் அழுத்திக் கொல்கிறான். உடலெல்லாம் இரத்தம். செலினா அரிவாளை ஓங்குகிறாள். இவனுக்குத் தொற்றா, இல்லை இது மனிதனின் கோபம்தானா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மார்க்கை ஒரு நொடிகூட யோசிக்காமல் வெட்டியவள் இங்கே தயங்குகிறாள். அந்தத் தயக்கத்துக்காகத்தான் இருபது விநாடி விதியே வகுக்கப்பட்டது என்று நான் சொல்வேன். விதி காட்சிக்கு வேலை செய்கிறது, மருத்துவருக்கு அல்ல.

இனி முடிவுகள். நாயகன் இறக்கும் அந்த மருத்துவமனை முடிவில் ஜிம்மைப் பிழைக்கவைக்கச் செலினாவும் ஹன்னாவும் போராடித் தோற்கிறார்கள். பிறகு ஆயுதங்களோடு கதவுகளைத் தள்ளிக்கொண்டு வெளியே நடக்கிறார்கள். ஜிம் கண்விழித்ததும் ஒரு மருத்துவமனையில், அவன் கண்மூடுவதும் ஒரு மருத்துவமனையில். சோதனைத் திரையிடலில் இதைப் பார்த்தவர்கள் மிகவும் இருண்டது என்று கருதியதால் மாற்றினார்கள். நண்பர்கள் இதை ‘நேர்மையானது’ என்று அழைக்கும் காரணம், சோகமாக முடிந்தால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்ற நினைப்போ என்று சந்தேகிக்கிறேன். எனக்கும் அந்த முடிவே பிடித்திருக்கிறது, ஆனால் வேறு காரணத்துக்காக: காப்பாற்ற ஒருவன் வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, படத்தை அந்த இருவரின் கையில் ஒப்படைக்கிறது.

திரையரங்கு முடிவையும் ஒரேயடியாக வியாபாரம் என்று தள்ள வேண்டாம். அதில் செலினா தையல் இயந்திரத்தில் குனிந்து, மேலே பறக்கும் விமானிக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்துகளைத் துணியில் தைத்துக்கொண்டிருக்கிறாள். அரிவாள் பிடித்த கை அது. தறியும் தையலுமாக வாழ்கிற மாவட்டங்களில் இருக்கும் நமக்கு அது எளிதில் விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோவையைப் பிளேக் நோய் திரும்பத் திரும்பத் தாக்கியது; பிளேக் மாரியம்மன் கோயில்கள் அங்கே இன்றும் இருக்கின்றன. ஊரைக் காலி செய்துவிட்டு ஓடியவர்களின் கதை நம் பாட்டிமார் வழியாக வந்திருக்கிறது. ஆகவே ஆளில்லா நகரம் என்பது நமக்கு இறக்குமதியான கற்பனை அல்ல. லண்டனில் காணாமல்போனவர்களின் படங்கள் ஒட்டிய பலகை முன்னால் ஜிம் நிற்கும் காட்சியைச் சொல்லும்போது மதிப்புரைக்காரர் நம் பிளேக் நினைவையும் எழுதத் தயங்க வேண்டாம்.

---

உக்கடம்வட்டுப்பெட்டி

வாங்கும் விஷயத்தைப் பற்றி யாரும் பேசாததால் சுருக்கமாகச் சொல்கிறேன். ப்ளூ-ரே வட்டுகளுக்கு மண்டலக் குறியீடு உண்டு: அமெரிக்கா ஏ, பிரிட்டன் பி, இந்தியா சி. பிரிட்டிஷ் வட்டு பூட்டப்பட்டதாக இருந்தால் இங்கே வாங்கிய கருவியில் ஓடாது. எந்த மண்டலத்திலும் ஓடும் வட்டுகளும் இருப்பதால் பின்னட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். டிவிடியிலும் அதே தொல்லை, பிரிட்டன் 2, நாம் 5. பழைய வட்டு விற்கும் ஒருவர் ‘எல்லா இணைப்பும் உண்டு’ என்று சொல்லி எனக்கு அனுப்பிய பெட்டியில் முன்னோட்டத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. பின்னட்டையின் புகைப்படத்தைக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

எல்லா இணைப்புகளுக்கும் ஒரே மதிப்பு இல்லை. ‘ப்யூர் ரேஜ்’ என்னும் தயாரிப்பு ஆவணப்படம் பாதி விளம்பரம்தான். இசைக் காணொளியைத் தாண்டிச் செல்லலாம். படம் ஓடும்போதே பாயிலும் கார்லண்டும் சேர்ந்து பேசும் விளக்கவுரைதான் பொக்கிஷம். இருவரும் தங்கள் காட்சிகளைத் தாங்களே குறை சொல்லிக்கொள்கிறார்கள். அதற்குத் துணைத்தலைப்பு உண்டா என்பதையும் அட்டையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஆங்கிலம் வேகமாக ஓடும்.

மதிப்புரையைப் பற்றி என் எண்ணம்: படத்துக்குத் தனியாகவும் வட்டுக்குத் தனியாகவும் தீர்ப்பு எழுதுங்கள். இயக்குநர் ஒதுக்கிவைத்த காட்சியைச் சேர்த்துப் படத்தைப் புகழ்வதும் தவறு, இகழ்வதும் தவறு. ஆனால் அவர் எதை ஒதுக்கினார் என்று தெரிந்தால், எதை வைத்துக்கொண்டார் என்பது கூடுதலாக விளங்கும்.

---

சென்னிமலைத்தறி

அனைவருக்கும் நன்றி. இரண்டு தீர்ப்புகள் என்ற யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர் ஐயாவுக்கு ஒரு தகவல்: வட்டில் இன்னொரு முடிவும் இருக்கிறது. குடிசைவீட்டுக் காட்சி அதேதான், ஆனால் ஜிம் இல்லை. அவன் இருக்க வேண்டிய இடத்தில் செலினா ஒரு கோழியோடு பேசிக்கொண்டிருக்கிறாள். எங்கள் குழு விழுந்து விழுந்து சிரித்தது. நாமக்கல்காரர்கள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

வராதவர்களுக்காக மீண்டும் ஒருமுறை திரையிடப்போகிறோம். மருத்துவமனைக் காட்சி வந்ததும் வட்டை நிறுத்திவிட்டு, மாற்று முடிவைப் போட்டுக்காட்டி, எது சிறந்தது என்று கையைத் தூக்கச் சொல்லலாமா?

---

கோழிப்பண்ணைமருத்துவர்

அந்தக் கோழி நல்ல உடல்நலத்தோடு இருக்கிறது என்பதே எனக்குப் போதும்.

---

கோபிவாத்தியாரம்மா

நடுவில் நிறுத்த வேண்டாம். 2003 ஜூலையில் அமெரிக்கத் திரையரங்குகளில் இதே மருத்துவமனை முடிவைப் பெயர்ப்பட்டியலுக்குப் பிறகு சேர்த்து ஓட்டினார்கள். நீங்களும் அப்படியே படத்தை முழுதாக ஓடவிட்டு, பிறகு காட்டுங்கள். கை தூக்கும் வாக்கெடுப்பும் வேண்டாம், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத்தான் கை உயரும். விளக்கைப் போட்டதும் முதலில் பெண்களைப் பேசச் சொல்லுங்கள், அதுவும் மாளிகைப் பகுதியைப் பற்றி. முடிவுகளைப் பற்றிய வாதம் அதற்குப் பிறகு தானாக வந்துவிடும்.